வெந்நீர்க்கூடத்துக்கு ஒரு கூரை

எல்லோருக்கும் வணக்கம்.

சிசிலித் தீவில் பியாட்சா அர்மெரினா என்றொரு ஊர். அதன் அருகே நான்காம் நூற்றாண்டு ரோமானிய மாளிகை ஒன்று இருக்கிறது. வில்லா ரொமானா தெல் கசாலே என்று பெயர். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மாளிகைக்கென்றே ஒரு குளியல்கூடம் உண்டு. எண்கோண வடிவில் குளிர்நீர் அறை, அதன் தரை முழுக்க மொசைக்கில், அதாவது சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்து, ஒரு கடல் காட்சி. அதைத் தாண்டினால் வெந்நீர் அறைகள்.

வெந்நீர் அறையின் தரைக்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது. ஒரு சாண் அகலச் சதுரச் செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குட்டைத் தூண்கள். ரோமானியர் வழக்கத்தில் இவை ஏறக்குறைய இரண்டடி உயரம். தரையை இவைதான் தாங்கும். வெளியே அடுப்பு எரியும்போது சூடான காற்று தூண்களுக்கு நடுவே ஓடி, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்களில் மேலேறும். வெயிலையும் மழையையும் பார்ப்பதற்காகக் கட்டிய தூண்கள் அல்ல இவை. அதனால் மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த அன்றே கேடு தொடங்கிவிடுகிறது.

சரி, கூரை போட்டால் தீர்ந்ததா? மழை நிற்கும், ஓதம் நிற்காது. மண்ணின் ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு செங்கல்லில் ஏறும். கூரைக்குள் சூடு கூடினால் அந்த ஈரம் வேகமாக உலரும். உப்பு மேற்பரப்புக்குச் சற்று உள்ளேயே படிகமாகி, செங்கல்லைப் பொரியவைத்துவிடும். தொட்டால் மாவாக உதிரும்.

இந்த மாளிகைக்கு 1950களின் கடைசியில் கூரை அமைத்தவர் பிராங்கோ மினிஸ்ஸி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர். மெல்லிய இரும்புச் சட்டம், ஒளி புகும் பிளாஸ்டிக் பலகைகள். இடிந்துபோன அறைகளின் உருவத்தையே வெளிச்சத்தால் வரைந்து காட்டியதுபோல இருந்தது. மொசைக்கை யாரும் மிதிக்காமலிருக்க, நடைபாதையைப் பழைய சுவர்களின் தலைமேலேயே கொண்டுபோனார். எவ்வளவு நல்ல மனது அது! ஆனால் சிசிலி வெயிலில் உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. காக்க வந்த கூரையே கல்லை வாட்டியது. கடைசியில் அதைப் பிரித்து, மர உத்திரங்களும் செப்புத் தகடும் கொண்ட, ஒளி புகாத கூரையைப் போட்டு, 2012இல் மறுபடி திறந்தார்கள்.

ஜெர்மனியின் க்ஸான்டனில், ரோமானியப் பொதுக் குளியல்கூடத்தின் மேல், பழைய கட்டடத்தின் உருவத்திலேயே 1999இல் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு காப்புக் கூடம் எழுப்பினார்கள். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், ரோமானியர் கட்டிய கூடம் எவ்வளவு உயரம் என்பது உடம்புக்கே தெரியும்.

எனக்கும் அந்த உருவத்தின் மேல் ஆசை உண்டு. ஆனாலும் இங்கே வந்திருக்கும் கட்டடக்கலை மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூரையின் வடிவத்தை வரைவதற்கு முன்னால், அதில் விழும் தண்ணீர் எங்கே வடியும் என்று வரையுங்கள். அப்புறம், சூடான காற்று எந்த வழியாக வெளியேறும்? உங்கள் தூணின் கால் எந்தப் பழைய சுவரையும் குத்தாமல் எங்கே ஊன்றும்?

மினிஸ்ஸியின் பிளாஸ்டிக் போய்விட்டது. உயர நடைபாதை என்ற அவருடைய யோசனை மட்டும் போகவில்லை. கசாலேக்குப் போகிறவர்கள் இன்றும் மேலே நடந்தபடிதான் குனிந்து அந்தத் தரைகளைப் பார்க்கிறார்கள்.