பழைய அனலாக் மிக்ஸரை வாங்கலாமா? கும்பகோணம் நேயரின் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் நேயர் ஒருவர் அனுப்பியுள்ள கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். நாதஸ்வரமும் தவிலுமே அவருடைய பெரும்பாலான பதிவுகள். மூடப்படும் ஒரு கூடத்திலிருந்து 24 சேனல் அனலாக் மிக்ஸர், அதாவது பல மைக்குகளின் ஒலியைக் கணினியில்லாமல் கலந்து தரும் மேசை, மலிவு விலைக்கு வருகிறதாம். கணினிக்குள்ளேயே மிக்ஸ் செய்தால் ஒலி தட்டையாக இருக்கிறது, மிக்ஸர் வந்துவிட்டால் கனம் கூடும் என்று சொல்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் என்பதே என் கருத்து. கணினி உயர்ந்தது, மிக்ஸர் தாழ்ந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் தேடும் கனம் அந்தப் பெட்டிக்குள் இருக்க வாய்ப்பு குறைவு என்பதுதான் காரணம்.

பல டிராக்குகளைக் கணினி ஒன்றாகச் சேர்க்கும்போது ஏதோ நசுங்கிப்போகிறது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. கணினி அங்கே செய்வது வெறும் கூட்டல் கணக்கு; இன்றைய மென்பொருள்கள் அதை மிகப் பெரிய எண்களையும் மிகச் சிறிய எண்களையும் தாங்கும் 32 பிட் மிதவைப் புள்ளி முறையிலோ அதைவிட நுட்பமாகவோ செய்வதால், உள்ளே அளவு மீறினாலும் கடைசி ஃபேடரை, அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, கீழே இறக்கினால் ஒலி சேதமின்றித் திரும்பிவிடும். பழைய கன்சோல்கள் எனப்படும் பெரிய மிக்ஸர்களின் புகழ் கூட்டலால் வந்ததன்று. 1970-இல் வந்த நீவ் 1073 போன்ற சேனல்களில் உள்ளே நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் டிரான்ஸ்ஃபார்மர்கள் இருந்தன; ஒலியைச் சற்று அழுத்தி அனுப்பினால் அவை மூல சுரத்தோடு மெல்லிய துணைச் சுரங்களைச் சேர்த்துவிடும். நாம் கனம் என்பது பெரும்பாலும் அதுதான். மலிவு விலை மிக்ஸர்களில் பெரும்பாலானவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, ஐ.சி.களை வைத்து, எதையும் சேர்க்காமல் ஒலியைக் கடத்திவிடும்படிதான் அவற்றை அமைத்திருப்பார்கள்.

அப்படியானால் உங்கள் ஒலி ஏன் தட்டையாகிறது? நீங்கள் இணைத்திருந்த மாதிரியைக் கேட்டேன். பதிவு செய்யும்போதே அளவை மிக அதிகமாக வைத்திருக்கிறீர்கள். அனலாக் கருவியில் முள் பூஜ்யத்தைத் தாண்டிய பிறகும் ஏறத்தாழ 20 டெசிபல் இடம் இருக்கும், சிதைவும் படிப்படியாகவே வரும். டிஜிட்டலில் பூஜ்யம் என்பது சுவர். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும் அடி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எகிறி இறங்கிவிடுவதால், மீட்டர் அமைதியாக இருக்கும்போதே முனை வெட்டுப்பட்டிருக்கும். ஒலியின் ஒவ்வோர் அளவீட்டையும் 16 பிட் எண்ணாகப் பதிந்த காலத்தில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே கிடைத்த 96 டெசிபல் இடத்துக்குள் இரைச்சலை மறைக்க அளவை ஏற்றிப் பதிவு செய்த பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. 24 பிட்டில் ஏட்டளவில் 144 டெசிபல், நல்ல கருவிகளில் நடைமுறையில் 120 அளவுக்கு இடம் இருக்கும்போது, சராசரி அளவை மைனஸ் 18 டெசிபலில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தவில் மைக்கில், வரும் ஒலியின் அளவைத் தணிக்கும் 20 டெசிபல் பேட் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். நாதஸ்வரத்துக்கு மைக்கை அணசுக்கு நேராக நீட்டாதீர்கள். விரல் துளைகளிலிருந்தும் ஒலி வெளியேறுகிறது என்பதால், சற்றுத் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி வையுங்கள்.

மிக்ஸருக்கு உண்மையான மேன்மை உள்ள இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அதில் வாசிப்பவர் தம் ஒலியைத் தாமதமின்றிக் கேட்கிறார். கணினியில் விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) வேகத்தில், ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபரை 1024 சாம்பிள் என்று வைத்தால் ஒரு வழிக்கு மட்டுமே 21 மில்லி விநாடி ஆகிறது. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் நகர்வதால், ஹெட்ஃபோனில் கேட்கும் தவில்காரருக்கு நாதஸ்வரம் 7 மீட்டர் தள்ளி ஒலிப்பதுபோல் இருக்கும். வாசிப்பை முடித்துவைக்கும் தாளக் கோவையான தீர்மானத்தை வைக்கும் நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். பதிவின்போது பஃபரை 64 அல்லது 128-க்குக் குறையுங்கள், இல்லையேல் மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் உள்ள, ஒலி கணினிக்குள் போகாமலே காதுக்கு வரும் நேரடிக் கண்காணிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். விரல்களால் ஃபேடரை ஏற்றி இறக்கி, திரையைப் பார்க்காமல் காதால் மிக்ஸ் செய்யும் பழக்கமும் மிக்ஸர் தந்த கொடைதான். அதற்கு 8 ஃபேடர் கொண்ட கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று போதும்.

நானும் ஒரு காலத்தில் இதே ஆசையில் பழைய மிக்ஸர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். ஐப்பசி மழை தொடங்கினால் போதும், திருகும் ஒவ்வொரு குமிழும் கரகரக்கும். நம் டெல்டாவின் ஈரப்பதத்தில் இணைப்பு முனைகள் களிம்பேறின, மின்தேக்கிகள் வயதாகி ஒவ்வொன்றாகப் போயின, பழுது பார்க்கத் தெரிந்தவரை வெளியூரிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. குளிர்சாதனத்தை நிறுத்தவே முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பதிவு முடிந்து பத்து நாள் கழித்து, தவிலை மட்டும் சற்றுக் குறைத்துத் தாருங்கள் என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்பார். கணினியில் அது ஐந்து நிமிட வேலை. மிக்ஸரிலோ, அதற்குள் வேறு பதிவுக்காக எல்லாக் குமிழ்களையும் மாற்றியிருப்போம். சாலிட் ஸ்டேட் லாஜிக் போன்ற பெரிய கன்சோல்களிலேயே, பழைய நிலைகளைத் திரை நினைவுபடுத்தினாலும் குமிழ்களைத் திருகியவர்கள் மனிதர்கள்தாம்.

ஆசை இன்னும் விடவில்லை என்றால், விற்பவரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். உங்கள் மைக்கையும் இன்டர்ஃபேஸையும் எடுத்துச் சென்று, நாதஸ்வரத்தில் ஓர் ஆலாபனைத் துணுக்கை அந்த மிக்ஸரின் ஒரு சேனல் வழியாகவும் உங்கள் இன்டர்ஃபேஸ் வழியாகவும் பதிவு செய்யுங்கள். இரண்டின் அளவையும் சமமாக்கிய பிறகே ஒப்பிடுங்கள், ஏனெனில் சற்றே உரக்கக் கேட்பதைக் காது நல்ல ஒலி என்று நம்பிவிடும். எது எது என்று உங்களுக்குச் சொல்லாமல் நண்பர் ஒருவர் மாற்றி மாற்றி ஒலிக்கவிடட்டும். பத்து முறையில் எத்தனை முறை சரியாகச் சொன்னீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.