நியோஷோ: கடற்படைக்கு எண்ணெய் ஊட்டிய கப்பல்

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில், ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே உள்ள பவளக் கடலில் நடந்த சண்டையைப் பற்றிப் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். லெக்சிங்டன் மூழ்கியது, யார்க்டவுன் அடிபட்டது, ஜப்பானியரின் ஷோஹோ அழிந்தது என்று விமானந்தாங்கிக் கப்பல்களின் பெயரைச் சொல்லி அந்தக் கதையை நாம் முடித்துவிடுகிறோம். ஹவாயில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்திலிருந்து 3,000 கடல் மைலுக்கும் அப்பால், வாரக்கணக்கில் அந்தக் கப்பல்கள் எப்படி ஓடின? அவற்றின் கொதிகலன்களுக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? இதை யாரும் கேட்பதில்லை. அந்த எண்ணெயைச் சுமந்துபோன ஒரு கப்பலைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். அதன் பெயர் நியோஷோ. 1939 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. 1942 மே மாதம் அழிந்தது. மூன்று ஆண்டுகூட நிறையவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கடற்படையின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை அதன் எண்ணெய்க் கப்பல்களே தீர்மானிக்கின்றன. அவற்றில் வேலை செய்தவர்களுக்கு வரலாறு இன்னும் உரிய இடம் தரவில்லை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களின் முகம் யாருக்கும் நினைவிருக்காது. அவர்கள் கை நின்றால் பந்தியே நின்றுவிடும்.

கடலில் எண்ணெய் ஊட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். நாசகாரிக் கப்பல் சிறியது, வேகமானது. முழு வேகத்தில் ஓடினால் அதன் தொட்டி சில நாட்களில் வற்றிவிடும். துறைமுகத்துக்குத் திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வா என்றால் அதற்குள் சண்டை முடிந்துவிடும். அதனால் நடுக்கடலில், ஓடிக்கொண்டே நிரப்ப வேண்டும். இரண்டு கப்பல்கள் அருகருகே, ஒரே வேகத்தில், ஒரே திசையில் போகும். நடுவில் கனத்த ரப்பர் குழாய் தொங்கும். அந்த இடுக்கில் தண்ணீர் கொதிப்பதுபோல் எழும்பி இரண்டு கப்பலையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் கொஞ்சம் அசந்தால் கப்பலும் கப்பலும் மோதிக்கொள்ளும். குழாய் அறுந்தால் கரிய எண்ணெய் தளமெங்கும் பீறிட்டு அடிக்கும். மணிக்கணக்கில் நடக்கிற இந்த வேலையின்போது வேகத்தையும் கூட்ட முடியாது, வளைந்து நெளிந்து ஓடவும் முடியாது. எதிரியின் நீர்மூழ்கிக்கு அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது.

இந்த வித்தையைத் தொடக்க நாட்களிலேயே கற்றவர்களில் ஒருவர் செஸ்டர் நிமிட்ஸ். 1917இல் மாமி என்ற எண்ணெய்க் கப்பலில் பொறியியல் அதிகாரியாக இருந்து, அட்லாண்டிக் நடுவே நாசகாரிகளுக்கு எண்ணெய் ஊட்டியவர். அவரே 1942இல் பசிபிக் கடற்படையின் தலைவர். ஓர் எண்ணெய்க் கப்பல் எவ்வளவு பெறும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

நியோஷோ நியூஜெர்சியின் கியர்னி தளத்தில் கட்டப்பட்டது. நீளம் 553 அடி. கொள்ளளவு ஏறக்குறைய 1,46,000 பீப்பாய், நம் கணக்கில் 2.3 கோடி லிட்டர். அந்தக் காலத்து வணிக எண்ணெய்க் கப்பல்கள் 12, 13 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது இதன் வேகம் 18 நாட். போர்க்கப்பல்களுடன் கூடவே போக வேண்டும் என்று கருதிச் செய்த ஏற்பாடு அது.

1941 டிசம்பர் 6ஆம் தேதி நியோஷோ விமானப் பெட்ரோலுடன் பேர்ல் துறைமுகம் வந்தது. ஃபோர்டு தீவில் சரக்கை இறக்கியது. அதை நிறுத்தியிருந்த இடத்தைக் கவனியுங்கள். பெரும் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்ற பகுதிக்கு நடுவிலே இருந்த எரிபொருள் துறை அது. ஒரு பக்கம் கலிஃபோர்னியா, மறுபக்கம் மேரிலாந்தும் ஓக்லஹோமாவும். மறுநாள் காலை ஜப்பானிய விமானங்களின் குண்டு விழத் தொடங்கியது. பெட்ரோலை இறக்கிவிட்ட தொட்டியில் ஆவி தங்கியிருக்கும். நிறைந்த தொட்டியைவிட அது ஆபத்தானது. ஒரு பொறி போதும்.

கேப்டன் ஜான் ஃபிலிப்ஸ் இழுவைப் படகுகளுக்குக் காத்திருக்கவில்லை. காலை 8.42க்கு, கவிழ்ந்து கிடந்த ஓக்லஹோமாவைத் தாண்டி, அந்த நீண்ட கப்பலைப் பின்னோக்கி நகர்த்தி வெளியே எடுத்தார். அடுத்த சில நிமிடங்களில் இரண்டாவது அலை விமானங்கள் வந்தன. நியோஷோவில் காயம்பட்டவர்கள் மூன்று பேர். அந்த இடத்திலேயே அது வெடித்திருந்தால் பக்கத்தில் நின்ற கப்பல்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைய நாளைப் பற்றிய பேச்சுகளில் இந்த ஒரு செயல் இவ்வளவு குறைவாகச் சொல்லப்படுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அடுத்த சில மாதங்களில் எண்ணெய்க் கப்பலின் விலை என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1942 ஜனவரி 23ஆம் தேதி ஹவாய்க்கு அருகே நெச்சஸ் என்ற எண்ணெய்க் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. லெக்சிங்டன் படையணி ஜப்பானியர் பிடித்திருந்த வேக் தீவைத் தாக்கப் புறப்பட்டிருந்த நேரம். நெச்சஸ் இல்லை என்றதும் அந்தத் தாக்குதலே கைவிடப்பட்டது. லெக்சிங்டன் மீது ஒரு தோட்டாகூடப் படவில்லை, ஆனாலும் திரும்ப வேண்டியிருந்தது. மார்ச் 1ஆம் தேதி ஜாவாவுக்குத் தெற்கே பெக்கோஸ் போனது. மூன்றாவது நியோஷோ.

மே மாதத் தொடக்கம். ஜப்பானியர் நியூகினியின் போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்கப் படை அனுப்புகிறார்கள். தடுக்க வந்த அமெரிக்க அட்மிரல் ஃபிளெட்சரிடம் இரண்டு விமானந்தாங்கிகள், இரண்டு எண்ணெய்க் கப்பல்கள். அதில் ஒன்றான டிப்பகனூ, கையிருப்பைக் கொடுத்துவிட்டு எஃபாட்டே தீவுக்குப் போய்விட்டது. எஞ்சியது நியோஷோ மட்டும். மே 6ஆம் தேதி அது யார்க்டவுனுக்கும் அஸ்டோரியா என்ற குரூசருக்கும் (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்) எண்ணெய் கொடுத்தது. பிறகு, சண்டை நடக்கப்போகிற இடத்தைவிட்டு விலகித் தெற்கே போ என்று அனுப்பப்பட்டது. துணைக்கு சிம்ஸ் என்ற ஒரே ஒரு நாசகாரி. அங்கே பாதுகாப்பாக இருக்கும் என்றுதான் நம்பினார்கள்.

மறுநாள் காலை ஜப்பானிய வேவு விமானம் ஒன்று இந்த இரண்டு கப்பல்களையும் பார்த்தது. நீண்டு தட்டையாகத் தெரிந்த நியோஷோவை விமானந்தாங்கி என்றும், சிம்ஸைக் குரூசர் என்றும் செய்தி அனுப்பியது. ஷோகாகு, ஸுய்காகு என்ற இரண்டு ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்தும் 78 விமானங்கள் கிளம்பின. வந்து பார்த்தால் விமானந்தாங்கி எதுவும் இல்லை. இரண்டு மணி நேரம் அந்தக் கடலைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். தவறு புரிந்ததும் டார்பிடோ விமானங்கள் திரும்பின. 36 குண்டுவீச்சு விமானங்கள் மட்டும் இந்த இரண்டு கப்பல்கள் மீதும் பாய்ந்தன.

சிம்ஸ் மீது மூன்று குண்டுகள் விழுந்தன. கப்பல் இரண்டாக உடைந்து மூழ்கியது. பதினைந்து பேர் அளவில் மட்டுமே ஒரு சேதமடைந்த படகில் தப்பினார்கள். நியோஷோ மீது ஏழு குண்டுகள் நேராக விழுந்தன, எட்டு குண்டுகள் ஒட்டி விழுந்தன. அடிபட்ட ஜப்பானிய விமானம் ஒன்றும் அதன் மேலேயே வந்து மோதியது. கொதிகலன் அறையில் குண்டு வெடித்து நீராவி பீறிட்டது.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்கர் பீட்டர்சன், கொதிகலன் பிரிவின் மூத்த மாலுமி. 42 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடற்படையில் இருந்தவர். பழுது பார்க்கும் குழு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. வெடிப்பில் குழுவினர் காயம்பட்டு விழுந்தார்கள். அவருக்கும் பலத்த காயம். நீராவிக் குழாய்களின் அடைப்பு வால்வுகளை மூடியாக வேண்டும். உதவிக்கு ஆள் இல்லை. கொதிக்கும் நீராவிக்கும் சூடேறிய இரும்புக்கும் நடுவே அவர் தனியாகப் போனார். அந்த வால்வுகள் கையால் சுற்றி மூடுகிற சக்கரங்கள், ஒரே தள்ளலில் மூடிவிடக் கூடியவை அல்ல. வெந்த கைகளால் சுற்றிச் சுற்றி மூடினார். அப்போது பட்ட தீக்காயங்களே அவர் உயிரைக் கொண்டுபோயின. மே 13ஆம் தேதி இறந்தார்.

மேல்தளத்தில் வேறொரு துயரம் நடந்தது. கப்பலைக் கைவிட ஆயத்தமாகுங்கள், உத்தரவுக்குக் காத்திருங்கள் என்று ஃபிலிப்ஸ் சொன்னார். தீயும் புகையும் கூச்சலுமாக இருந்த அந்த நேரத்தில் பலர் காதில் விழுந்தது கைவிடுங்கள் என்பது மட்டுமே. மிதவைகளை அவிழ்த்துவிட்டார்கள். ஏராளமானோர் கடலில் குதித்தார்கள். கப்பலிலிருந்த படகுகள் போய் ஆட்களைப் பொறுக்கியெடுத்தன. படகுகள் நிரம்பின, இருட்டிவிட்டது, மிதவைகள் விலகிப் போயின. பிறகு கணக்கெடுத்தபோது, இறந்தது உறுதியானவர்கள் 20 பேர், காணாமல் போனவர்கள் 158 பேர்.

இதற்காகக் கேப்டனைக் குறைசொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உத்தரவு சரியானது. அதைக் கப்பல் முழுவதும் கொண்டுசேர்க்க வேண்டிய ஏற்பாடு குண்டு வீச்சில் சிதைந்துபோயிருந்தது. குதித்தவர்களையும் நான் குறைசொல்ல மாட்டேன். எண்ணெய்க் கப்பலில் தீ என்றால் என்ன ஆகும் என்று அதில் வேலை செய்கிறவனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

ஆனால் நியோஷோ மூழ்கவில்லை. ஒரு பக்கம் ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து, எஞ்சின் செத்து, மிதந்துகொண்டே இருந்தது. காரணம் அதன் தொட்டிகள். எண்ணெயைக் கொடுத்துத் தீர்த்த தொட்டிகளில் காற்று நிறைந்திருந்தது, அந்தக் காற்று கப்பலைத் தாங்கியது. எத்தனையோ கப்பல்களுக்கு ஊட்டிக் காலியான வயிறு, கடைசியில் தன் ஆட்களைத் தாங்கியது. இந்த விவரத்தைப் படித்த நாளிலிருந்து இந்தக் கப்பல் என் மனதைவிட்டு அகலவில்லை.

சிம்ஸில் பிழைத்தவர்களும் படகில் வந்து இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். தளத்தில் நேராக நிற்க முடியாது. காயம்பட்டவர்களைச் சாய்வான தளத்தில் படுக்கவைக்க வேண்டும். இறந்தவர்களைக் கடலில் அடக்கம் செய்தார்கள். உதவி கேட்டு அனுப்பிய செய்தியில் கப்பல் இருந்த இடமே தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஃபிளெட்சர் அனுப்பிய மோனகன் என்ற நாசகாரி தேடியும் யாரும் கிடைக்கவில்லை. நான்கு நாட்கள் அப்படியே போயின. முதலில் ஆஸ்திரேலிய விமானம் ஒன்று அவர்களைக் கண்டது, பிறகு மே 11ஆம் தேதி ஹென்லி என்ற நாசகாரி வந்து சேர்ந்தது. 123 பேரை மீட்டார்கள். இழுத்துச் செல்ல வழியில்லாத நியோஷோவை ஹென்லியே சுட்டு மூழ்கடித்தது.

மிதவைகளில் போனவர்களில் 68 பேர் தங்கள் மிதவைகளை ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு மிதந்தார்கள். நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் போதவில்லை. மே மாத நடுவில் ஹெல்ம் என்ற நாசகாரி ஒரு மிதவையைக் கண்டது. உயிரோடு இருந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் இருவர் பிறகு இறந்துபோனார்கள்.

இந்த இழப்பால் என்ன பலன் என்று கேட்பார்கள். பலன் இருந்தது. அன்று முற்பகல் முழுவதும் ஜப்பானியரின் விமானபலம் ஓர் எண்ணெய்க் கப்பலைத் துரத்தியது. அதே நேரத்தில் அமெரிக்க விமானங்கள் ஷோஹோவை மூழ்கடித்தன. யார்க்டவுனும் லெக்சிங்டனும் அன்று தொடப்படவில்லை. மறுநாள் மோதலில் லெக்சிங்டன் போனது. ஆனால் ஷோகாகு பலத்த அடிபட்டது, ஸுய்காகு தன் விமானங்களில் பெரும்பகுதியை இழந்தது. போர்ட் மோர்ஸ்பிக்குப் புறப்பட்ட படை திரும்பியது. ஷோகாகு, ஸுய்காகு இரண்டும் ஜூன் மாதம் நடந்த மிட்வே சண்டையில் இல்லை. யார்க்டவுன் இருந்தது.

அதனால் சிலர் நியோஷோவைத் தூண்டில் இரை என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கமாட்டேன். யாரும் அதை இரையாக வைக்கவில்லை, அப்படி வைக்கும் அளவுக்கு அமெரிக்கரிடம் எண்ணெய்க் கப்பல்கள் மிஞ்சியிருக்கவும் இல்லை. அது போனதும் ஃபிளெட்சரின் எரிபொருள் கணக்கு இறுகிப்போனது. எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக ஒரே ஒரு நாசகாரி போதும் என்ற எண்ணத்துக்கு அந்த மாலுமிகள் விலை கொடுத்தார்கள் என்று சொல்வதுதான் நியாயம்.

பீட்டர்சனுக்கு அமெரிக்காவின் உச்ச வீரவிருதான மெடல் ஆஃப் ஹானர் அறிவிக்கப்பட்டது. அவர் மனைவிக்கு அது 1942இல் தபாலில் போய்ச் சேர்ந்தது. முறையான விழா எடுத்து அவர் மகனிடம் அதை வழங்கியது 2010இல்தான். நியோஷோ என்ற பெயர் மட்டும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1942 செப்டம்பரிலேயே அதே பெயரில் இன்னொரு எண்ணெய்க் கப்பல் பணிக்கு வந்துவிட்டது. பசிபிக்கில் போரிட்ட கப்பல்களுக்கு அது எண்ணெய் சுமந்து போயிற்று.