யார் யாரிடம் சொன்னது?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஊரடங்கு நாட்களில் கவிதை எழுதிய அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். மெல்பர்ன்வாசிகளுக்கு அந்த நாட்களை விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச் கடைசியில் தொடங்கி 2021 அக்டோபர் 21 வரை ஆறு முறை ஊர் அடைக்கப்பட்டது. மொத்தம் 262 நாட்கள் வீட்டுக்குள் இருந்தோம்.

அதற்கு முன்பு நான் எழுதியதெல்லாம் ரயிலில்தான். டாண்டினாங்கில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், நகரம் வந்து சேரும்வரை என்னை யாரும் "அம்மா" என்று கூப்பிட மாட்டார்கள். வேலைக்கும் போய்க் குடும்பத்தையும் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு அதைவிட நல்ல எழுத்தறை எங்கே கிடைக்கும்? அலுவலகம் வீட்டுக்குள் வந்த அன்றே அந்த இருக்கை பறிபோயிற்று. சாப்பாட்டு மேசையில் கணவரின் அலுவலகக் கூட்டம், படுக்கையறையில் என் வேலை, கூடத்தில் இரண்டாம் வகுப்பு மகனின் பள்ளிக்கூடம். சமையலறையில் அம்மா.

அம்மா 2020 பிப்ரவரியில் திருவையாற்றிலிருந்து வந்தவர். மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. மார்ச்சில் விமானங்கள் நின்றுபோயின. பிறகு சிறப்பு விமானங்கள் விட்டபோதும், எழுபது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளியைத் தனியே ஏற்றி அனுப்ப எனக்கு மனம் துணியவில்லை. ஆறு புடவையோடு வந்தவர் இரண்டு குளிர்காலங்களை இங்கே கழித்தார்.

2020 ஆகஸ்டில் இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது என்றார்கள். பகலிலும் 5 கிலோமீட்டருக்குள்தான் போய்வர வேண்டும்; நடைப்பயிற்சிக்கு ஒரு மணி நேரம். செய்தியைத் தமிழில் சொன்னேன். அம்மா சிறிதும் திகைக்கவில்லை. "காப்புக் கட்டிவிட்டார்கள் என்று சொல்" என்றார். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குத் தண்டனையாகத் தெரிந்தது அவருக்கு ஒரு விரதமாகப் புரிந்தது.

நான் எழுத இடம் தேடினேன். இரவு உணவு முடிந்ததும் வாசலில் நின்ற காருக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் எழுதினேன். மூச்சு பட்டுக் கண்ணாடி பனிக்கும். சில நாட்களில் மகன் பைஜாமாவோடு வந்து ஜன்னலைத் தட்டுவான். எரிச்சலோடு கதவைத் திறப்பேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. அவன் குட் நைட் சொல்லத்தான் வந்திருப்பான்.

காருக்குள் நாற்பது கவிதைகள் எழுதினேன். ஒன்றுகூடத் தேறவில்லை. வெறிச்சோடிய தெரு, முகக்கவசம், மௌனம், தூரம் என்று அந்த ஆண்டு உலகமே எழுதியதைத்தான் நானும் எழுதியிருந்தேன். தனிமை கிடைத்தால் கவிதை வரும் என்று பல ஆண்டுகளாக நம்பியிருந்தவள் நான். குடும்பம்தான் குறுக்கே நிற்கிறது என்று மனதுக்குள் குறைப்பட்டும் இருக்கிறேன்.

2021 மே மாதம். இந்தியாவில் இரண்டாம் அலை. இங்கே 27ஆம் தேதி நள்ளிரவு நான்காம் ஊரடங்கு தொடங்கியது. அந்த வாரத்தில்தான் தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, காலமானார். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

சமையலறை மேடையில் அஞ்சறைப் பெட்டியின் மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்தேன். திரையில் அத்தை, தலைமுடி அவிழ்ந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஒப்பாரி வைக்கும் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். அம்மாவுக்குக் கட்டிக்கொள்ளத் தோள் இல்லை. மேடையின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு பாடத் தொடங்கினார்:

"காப்புக் கட்டின ஊரிலிருந்து கால் எடுத்து வைக்கவில்லையே,
கடலுக்கு இந்தப் பக்கம் நின்றேன், கைப்பிடி அரிசி இடவில்லையே..."

குரல் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கிறது. இருவரும் சேர்ந்து பாடினால் அடிகள் மோதிக்கொண்டன. இரண்டு மூன்று அடிகளுக்குள் இருவருக்கும் அது பிடிபட்டுவிட்டது. அத்தை பாடி முடிக்கும்வரை அம்மா காத்திருந்தார்; அம்மா முடித்ததும் அத்தை தொடங்கினார். அடுத்த அறையில் கணவர் தன் கூட்டத்திலிருந்து விலகி வந்தார். மகன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை உள்ளே போகச் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து மாமாவைப் பற்றி ஒரு கவிதை எழுதி, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, இதை யார் யாரிடம் சொல்கிறார்கள்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நண்பர்களே, இது நம் அகப்பாடல்களின் கேள்வி. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பாட்டுக்குக் கீழே குறித்து வைத்தார்கள் அல்லவா? பிரிந்த துயரம்கூடத் தோழியிடம் சொன்னதாகத்தான் வருகிறது. காத்திருத்தலுக்கென்றே முல்லைத்திணை இருக்கிறது. கார்காலமும் மாலைப்பொழுதும் அதற்கு உரியவை. அங்கே காத்திருப்பவள் யார், யாருக்காக என்பது தெளிவாகத் தெரியும். என் நாற்பது கவிதைகளிலும் மாலை இருந்தது, காத்திருத்தல் இருந்தது, காதுகொடுக்க ஓர் ஆள் இல்லை. பூட்டிய காருக்குள் அப்படி ஒருவர் எப்படி வருவார்?

அந்தக் கவிதையை அத்தையிடம் சொல்வதாக மாற்றி எழுதினேன். "தூரம்" என்ற சொல்லை அடித்துவிட்டு, "நீங்கள் பாடி முடிக்கும்வரை அம்மா வாயை மூடிக்கொண்டிருந்தார்" என்று எழுதினேன். இதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஆகஸ்டில் ஆறாம் ஊரடங்கு வந்தபோது நான் காருக்குப் போகவில்லை. சமையலறை மேசையில், குக்கர் சத்தத்துக்கும் மகனின் வாய்ப்பாட்டுக்கும் நடுவே எழுதினேன். அடிக்கடி தடைபட்டது. "அம்மா" என்று அவன் கூப்பிட்டதும் சில கவிதைகளில் அப்படியே இடம்பெற்றுவிட்டது. என் கவிதைத் தொகுப்பில் இருப்பவை அப்படி எழுதிய பதினொரு கவிதைகள்தான்.

2022 தொடக்கத்தில் அம்மா ஊருக்குப் போனார். போன மறுநாளே அத்தை வீட்டுக்குச் சென்று, தோளைக் கட்டிக்கொண்டு, விட்டுப்போன அழுகையை அழுது முடித்ததாகச் சொன்னார்.

இப்போது அந்தக் கவிதையை வாசிக்கிறேன். இந்தக் கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். அங்கே மதியம் ஒன்றரை மணி. அம்மாவும் அத்தையும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.