ஒரு ஊர்க்கூட்டமும் கொக்கோ மூட்டையும்

(கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்த ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். உலகச் சந்தை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுத்தால் சிரிப்பீர்கள். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வந்தேன். அதில் எனக்குப் பிடித்ததும் உண்டு, உறுத்துவதும் உண்டு.

ஊர் பெயர் கார்ஸ்டாங். பிரஸ்டனுக்கும் லங்காஸ்டருக்கும் நடுவே, சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஜனத்தொகை 4,000 சொச்சம். அங்கே புரூஸ் குரோத்தர் என்று ஒரு கால்நடை மருத்துவர். ஏழை நாடுகளின் வறுமையை ஒழிக்க வேலை செய்யும் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்புக்கு 1992-ல் உள்ளூர்க் குழு ஒன்று தொடங்கினார். விளைவித்தவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கி, நியாய வணிகம் (ஃபேர்டிரேட்) என்று முத்திரை போட்டு விற்கிற காபி, டீயை வாங்குங்கள் என்று கடை கடையாக, சர்ச் சர்ச்சாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஏழை நாட்டு விவசாயி பாவம் என்றால் யார்தான் இல்லை என்பார்கள்? தலையை ஆட்டிவிட்டு, வழக்கமான டப்பாவையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

காரியம் நகர்ந்தது பாலை வைத்து. பண்ணைக்காரர்களின் பாலை மொத்தமாக வாங்கி விற்றுக் கொடுத்த இங்கிலாந்தின் பால் விற்பனை வாரியத்தை 1994-ல் கலைத்துவிட்டார்கள். சில வருஷத்தில் பால் விலை இறங்கி, பண்ணைக்காரர்கள் தவித்துப் போனார்கள். 2000-ல் குரோத்தரின் குழு ஒரு விருந்து வைத்தது. மேயர், தலைமையாசிரியர், பாதிரியார், வியாபாரிகள் எல்லாருக்கும் அழைப்பு. மேசையில் வெளிநாட்டு நியாய வணிகப் பொருளும் உள்ளூர்ப் பண்ணைப் பொருளும் சேர்ந்தே இருந்தன. இரண்டையும் பயன்படுத்துவோம், விற்போம் என்று சொல்ல வைத்தார்கள். அந்த ஏப்ரலில் ஊர்க்கூட்டம் கூடி, உலகின் முதல் நியாய வணிக ஊர் என்று கை தூக்கி அறிவித்துக்கொண்டது. அந்த வழியில் வந்த ஊர்கள் இன்று 2,000-க்கும் மேல்.

எனக்குப் பிடித்தது அந்த மேசைதான். தன் ஊர்ப் பால்காரரின் குறையைக் காதில் வாங்காமல் ஆப்பிரிக்க விவசாயிக்காக உருகியிருந்தால், இன்றைக்கும் துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

கார்ஸ்டாங் உறவு வைத்துக்கொண்ட ஊர் கானாவில் இருக்கிறது, நியூ கோஃபொரிடுவா. சாக்லேட் செய்கிற கொக்கோ விளையும் ஊர். அந்த நாட்டில் குவாப்பா கொக்கோ என்று விவசாயிகளின் கூட்டுறவு, 1993-ல் தொடங்கியது. ஏன் தொடங்கினார்கள் தெரியுமா? தராசு! கொள்முதல் ஆள் மூட்டையைத் தூக்கி வைப்பார், அவர் சொன்னதுதான் எடை. ஈரம் இருக்கிறது, காம்பு இருக்கிறது என்று கிலோ கிலோவாகக் கழிக்கும் கதை இந்த மலைக்குத் தெரியாததா? (சிரிப்பு.) அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஊருக்கு ஒருவரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, எடை போடுவதும் கணக்கு எழுதுவதும் அவர் பொறுப்பு என்று வைத்துவிட்டார்கள். பிறகு 1998-ல் பிரிட்டனில் தொடங்கிய ஒரு சாக்லேட் கம்பெனியில் அந்தக் கூட்டுறவும் பங்குதாரர் ஆனது.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். 2000-ன் கடைசியில் உலகச் சந்தையில் கொக்கோ டன் 1,000 டாலருக்கும் கீழே. அப்போது நியாய வணிகத்தில் அடிவிலை 1,600 டாலர், அதற்கு மேல் சங்கத்துக்கு 150. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த முத்திரையோடு விற்ற கொக்கோவுக்கு மட்டும்தான் அந்த விலை. வாங்க ஆளில்லாத மிச்சம் சாதாரணச் சரக்காகவே போகும். அந்த சாக்லேட் கம்பெனியும் 2020-ல் பெரும்பங்கு ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் கைக்குப் போய், கூட்டுறவுக்கு 20 சதவீதம் மிஞ்சியது.

இன்னொன்று, கொஞ்சம் பழைய கதை. கார்ஸ்டாங்குக்குப் பக்கத்து லங்காஸ்டர், 18-ஆம் நூற்றாண்டில் அடிமை வணிகக் கப்பல்கள் புறப்பட்ட பெரிய துறைமுகங்களில் ஒன்று. அதே நாட்டில்தான் 1791 வாக்கில் குடும்பம் குடும்பமாக, அடிமைகள் உழைப்பில் வந்த மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். பெண்கள் முன்னால் நின்ற போராட்டம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பின்னாளில், அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்களே விற்பனைக்கு வந்தன. எந்தக் கிழக்கிந்தியா? 1770 பஞ்சத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்தபோதும் வரி வசூலை விடாத கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளம்! வாங்குகிறவர் மனசாட்சி உண்மையானதுதான். ஆனால் கிண்ணத்தில் எழுதியதைத்தான் அது படிக்கிறது.

அதனால்தான் 2019-ல் நடந்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் விளைவிக்கிற கானாவும் ஐவரி கோஸ்ட்டும் சேர்ந்து, எங்கள் சரக்கு வேண்டுமானால் விவசாயிக்கென்று டன்னுக்கு 400 டாலர் கூடுதலாக வை என்றன. கம்பெனிகள் வேறு பக்கம் கழித்துக்கொள்ளப் பார்த்தன, அது வேறு விஷயம். விலையைச் சொன்னது விற்கிறவர் என்பதைக் கவனியுங்கள்.

கூட்ட ஏற்பாட்டாளர்கள் ஏதாவது யோசனை சொல்லச் சொன்னார்கள். இரண்டு சொல்கிறேன். வருகிற மே 1 கிராம சபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். இலை கொள்முதல் நடக்கும் இடத்தில் தராசு எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும், கழிவு எவ்வளவு, எதற்காக என்று சீட்டில் எழுதித் தர வேண்டும், ஊர் தேர்ந்தெடுத்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். விலைக்கு நடக்கிற போராட்டம் தனியாக நடக்கட்டும். எடைக்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஊட்டி, குன்னூர் ஓட்டல்களில் கொதிக்கிற டீத்தூள் யார் தோட்டத்து இலை, விவசாயிக்கு என்ன விலை கொடுத்து வாங்கியது என்று ஒரு பட்டியல் எடுங்கள். காலேஜ் பிள்ளைகளை அனுப்பினால் ஒரு வாரத்தில் முடியும். பட்டியல் கைக்கு வந்ததும் ஓட்டல்காரர்களைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போடுவோம். செலவில் என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.