பாட்டி தேடிய முகம்

வணக்கம் நேயர்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். போர் ஆவணப்படங்களில் பத்திரிகைப் புகைப்படங்களை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பேசக் கூப்பிட்டதும், எனக்கு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு டிவிதான் ஞாபகம் வந்தது.

சயாம் மரண ரயிலைப் பற்றி, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வதைத்து சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில்பாதையைப் பற்றி, ஒரு ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி பாயிலிருந்து எழுந்து, கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றார். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப்போன அவருடைய அண்ணன் திரும்பவே இல்லை. தமிழ்த் தொழிலாளர்களும் செத்தார்கள் என்று பின்னணிக் குரல் சொன்ன அந்த நொடியில் திரையில் நின்றது எலும்பும் தோலுமான வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் புகைப்படம். "நம்ம ஆளு ஒருத்தரையும் காணோமே" என்றார் பாட்டி.

அந்தக் கைதிகளின் படங்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் சின்ன கோடாக் கேமராவை ஒளித்துவைத்து, எக்ஸ்ரே பிலிமை அளவுக்கு வெட்டிப் போட்டு, உயிரைப் பணயம் வைத்து எடுத்தவையும் அவற்றில் உண்டு. ஆனால் 415 கிலோமீட்டர் பாதையில் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்றால், ஆசியத் தொழிலாளர்களில் அதைப்போல பல மடங்கு. அவர்கள் கையில் கேமரா இல்லை. படம் இல்லாதவர்களுக்கு ஆவணப்படத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்.

படத்தின் பலம் அப்படி. வியட்நாம் போரின்போது, 1968 பிப்ரவரி 1, சைகோன் தெருவில் போலீஸ் தலைவர் ஒரு கைதியைச் சுட்டதை எடி ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் புகைப்படமாக எடுத்தார், பக்கத்திலேயே டிவி கேமராவும் ஓடியது. ஜனங்கள் மனத்தில் நின்றது புகைப்படம்தான். இயக்குநர் அந்த மாதிரி ஒரு படத்தை மெதுவாக நெருங்கிக் காட்டி, அடியில் சோகமாக வயலின் போட்டால், அந்தப் படத்தின் விளிம்புக்கு வெளியே யார் இருந்தார்கள் என்று கேட்கவே நமக்குத் தோன்றாது.

அதனால் ஆவணப்படம் எடுக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: யார், எங்கே, எப்போது என்று திரையிலேயே எழுதுங்கள். நம் ஆட்களின் படம் கிடைக்கவில்லையா, அடுத்தவர் படத்தை ஒட்டாதீர்கள், வெறும் தண்டவாளத்தைக் காட்டிவிட்டு உயிரோடிருக்கும் பெரியவர்களைப் பேசவிடுங்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அந்தக் காலத்துப் படம் ஏதாவது இருந்தால், பின்னால் பெயர், தோட்டம், வருஷம் மூன்றையும் எழுதிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.