அவ்ரோ 504கே: ஒரு சறுக்குக் கட்டையின் கதை

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் "ஸ்பிட்ஃபயர் எப்போ?" என்றே கேட்டிருக்கிறீர்கள். வராது. சண்டை விமானங்களோடு எனக்கு ஒத்துப்போகாது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். இன்று மேசைக்கு வந்திருப்பது அவ்ரோ 504கே, முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் பயிற்சி விமானம். மாடல் 1,900 ரூபாய், அதற்குச் சுங்க வரியும் டெலிவரியும் 1,140 ரூபாய்! உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்குக்கு! சரி, விடுங்கள். இல்லை, விட முடியவில்லை. பெட்டியைத் திறந்தால் சறுக்குக் கட்டை இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

இதோ, கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறதே, இதுதான். ஊதுபத்தி எரிந்து முடிந்தபின் மிஞ்சும் மூங்கில் குச்சியைச் சீவி, உப்புத்தாளில் தேய்த்து, முனையை ஆவியில் காட்டி வளைத்துச் செய்தேன். கம்பெனி கொடுத்ததைவிட நன்றாகவே இருக்கிறது, சும்மா சொல்லவில்லை. நிஜ விமானத்திலும் அது மரம்தான். கற்றுக்கொள்கிறவர் மூக்குக் குப்புற இறக்கினால் முதலில் அது தரையில் பட்டு, புரொப்பல்லரைக் காப்பாற்றும்.

ஆனால் 1913ல் இது பறந்தபோது யாரும் இதைப் பயிற்சிக்கென்று செய்யவில்லை. போருக்கும் போனது. 1914 நவம்பரில் பிரான்ஸின் பெல்ஃபோரிலிருந்து மூன்று 504கள் கிளம்பி, ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபெனில் செப்பலின் என்ற ராட்சத வான்கப்பல்களைக் கட்டும் இடத்தில் குண்டு போட்டன. ஆ, அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன்: அதே ஆண்டு ஆகஸ்ட் 22ல் பெல்ஜியத்தில் தரையிலிருந்து சுட்டு வீழ்த்தப்பட்ட முதல் பிரிட்டிஷ் விமானமும் 504தான். போர்முனைக்கு இது சீக்கிரமே பழசாகிவிட்டது.

அப்புறம்தான் ஸ்மித்-பாரி என்ற பிரிட்டிஷ் விமானி வருகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த மனுஷன். அதுவரை பயிற்சி என்றால் ஆபத்தான பக்கமே போகாதே என்பதுதான். 1917ல் இங்கிலாந்தின் காஸ்போர்ட் விமானப் பள்ளியில் இவர் அதைத் தலைகீழாக்கினார். விமானத்தை வேண்டுமென்றே சுழலுக்குள், அதாவது சுற்றிக்கொண்டே கீழே விழும் நிலைக்குள், விடும்படி மாணவரிடம் சொல்லி, அதிலிருந்து மீள்வதைக் கற்றுக் கொடுத்தார். அதற்கு எடுத்துக்கொண்டது ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனிக் கன்ட்ரோல் வைத்த 504ஜே, கே-க்கு முந்தைய வகை. காற்றிரைச்சலில் ஆசிரியர் பேசுவது கேட்க ஒரு குழாய், அதற்கே காஸ்போர்ட் குழாய் என்று பேர். விமானம் பாதி, பாடமுறை பாதி என்றுதான் நான் சொல்வேன்.

ஜே-யில் இருந்தது 100 குதிரைத்திறன் மோனோசூப்பாப் எஞ்சின், சுருக்கமாக மோனோ. புரொப்பல்லரோடு எஞ்சினே சேர்ந்து சுற்றும். உயவுக்கு ஆமணக்கெண்ணெய், நம் விளக்கெண்ணெயேதான். போன எண்ணெய் திரும்பாது, வெளியே தெறித்துப் பைலட் முகத்தில் அடிக்கும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான த்ராட்டில் கிடையாது, இறங்கும்போது பொத்தானை அழுத்தி அழுத்தி எஞ்சினை அணைத்து எழுப்ப வேண்டும்.

அந்த எஞ்சின் தட்டுப்பாடானதும் வந்ததுதான் கே. எஞ்சினைப் பிடிக்கும் தாங்கியை மாற்றிவிட்டார்கள். மோனோவோ, லெ ரோன், கிளெர்ஜே போன்ற வேறு எஞ்சினோ, கையில் எது கிடைத்ததோ அதை மாட்டலாம். அலட்டல் இல்லாத இந்த மாதிரி வேலைக்குத்தான் நான் கைதட்டுவேன். எல்லா வகையும் சேர்த்து 8,000க்கு மேல் செய்தார்கள். பின்னால் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஆன இளவரசர் ஆல்பர்ட் 1919ல் பறக்கக் கற்றதும் அவ்ரோவில்தான்.

சோவியத்காரர்கள் இதையே நகலெடுத்து யூ-1 என்று பேர் வைத்தார்கள். அதற்கடுத்து வந்த பொலிகார்ப்போவ் யூ-2தான் நம் அடுத்த மாடல். அதே பேருள்ள அமெரிக்க உளவு விமானம் இல்லை, அதற்குள் கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.