முத்திரை இருக்கிறது, வாங்க ஆள் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். காபிப் பொட்டலத்தில் 'இயற்கை வேளாண்மை', 'நியாய வணிகம்' என்ற முத்திரைகளைப் பார்த்திருப்பீர்கள். விலை கொஞ்சம் கூடுதல் என்று திரும்ப வைத்தும் இருப்பீர்கள். அந்தக் கூடுதல் விலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1988-இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவலார் என்ற நியாய வணிக முத்திரையோடு காபி கடைக்கு வந்தது. மெக்சிகோவின் ஒஹாக்கா மலைகளில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் விளைவித்த காபி அது. மறு ஆண்டே, எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்திருந்த சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீடு முறிந்து, உலகச் சந்தையில் விலை சரிந்தது. 2001-இல் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் கொட்டை, 50 சென்ட்டுக்கும் கீழே போனது. பறிகூலிக்கே கட்டாத விலை. பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிழைப்பு தேடிப் போனார்கள்.

விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையை உறுதி செய்யும் நியாய வணிகம் இங்கேதான் கைகொடுக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல், நீரில் கழுவிப் பதப்படுத்திய அரபிகா என்ற காபி வகைக்கு, வாங்குபவர் பவுண்டுக்கு 1.80 டாலருக்குக் குறைத்துத் தரக்கூடாது. சந்தை விலை அதைவிட ஏறினால் அந்த விலையைத் தர வேண்டும். சங்கத்துக்குத் தனியாக 20 சென்ட், இயற்கை முறையில் விளைந்ததென்றால் இன்னும் 40 சென்ட்.

அந்த 40 சென்ட் சும்மா வருவதில்லை. இயற்கை வேளாண்மைக்கு மாறும் நிலம் பொதுவாக 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். ரசாயன உரம் கிடையாது, விளைச்சல் குறையலாம், ஆனால் சான்றிதழ் வரும்வரை சாதாரண விலைதான்.

இத்தனைக்கும் அப்புறம் நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சான்றிதழ் பெற்ற காபியில் பெரும்பகுதி முத்திரையே இல்லாமல், சாதாரணக் காபியாக விற்கப்படுகிறது. தரம் குறைவு என்பதால் அல்ல. அந்த விலைக்கு வாங்க ஆள் போதவில்லை. நியாயமான காபிக்குக் கூடக் கொடுப்பீர்களா என்று கேட்டால் பலரும் சரி என்கிறோம். கடையில் கை மலிவான பொட்டலத்துக்குப் போகிறது. குறைந்தபட்ச விலை என்பது விற்ற மூட்டைக்குத்தான், விளைந்த மூட்டைக்கு இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். மாதம் ஒரு பொட்டலம் போதும், ஆனால் விடாமல் வாங்குங்கள். இறக்குமதியாளர் அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் போடுவது ஒருநாள் விற்பனையைப் பார்த்து அல்ல. ஒப்பந்தம் கையில் இருந்தால், சங்கம் கேட்கும்போது அதன் மதிப்பில் 60 சதவீதம்வரை முன்பணம் கிடைக்க வழி உண்டு. அறுவடைக் கூலிக்கு வட்டிக்கடன் தேட வேண்டியதில்லை. கடையில் அந்தக் காபி இல்லையா? கேளுங்கள். இரண்டாவது முறையும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.